எலக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த கேஜ் ஸ்ட்ரிங், எந்த பெயிண்ட்?

கிட்டார் வாங்கி கொஞ்ச நாள் ஆனா எல்லாருக்கும் ரெண்டு ஆசை வரும். ஒண்ணு, வேற கேஜ், அதாவது வேற தடிமன் ஸ்ட்ரிங் போட்டு பாக்கணும். இன்னொண்ணு, இந்த கலர் போரடிக்குது, நமக்குன்னு தனியா ஒரு கலர் அடிக்கணும். முதல் ஆசை சில நூறு ரூபாய்ல தீந்துடும், புடிக்கலன்னா பழைய கேஜையே திரும்ப போட்டுக்கலாம். ரெண்டாவது அப்படி இல்ல, அடிச்ச பெயிண்டை யாரும் கழட்டி கைல குடுக்க மாட்டாங்க. அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல கேஜை முடிவு பண்ணி ரெண்டு மூணு மாசம் அதுலயே வாசிங்க, அப்புறம் பெயிண்டு பக்கம் போங்க. பெயிண்ட் அடிக்கணும்னா கிட்டாரை மொத்தமா பிரிக்கணும், திரும்ப மாட்டும்போது நெக், நட் (நெக் தலைமாட்டுல கம்பி உக்கார்ற காடி வெட்டின துண்டு), ப்ரிட்ஜ் (பாடியில கம்பி உக்கார்ற இடம்) எல்லாத்தையும் புதுசா செட் பண்ணணும், அந்த செட்டப் எந்த ஸ்ட்ரிங்குக்குன்னு அப்ப தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா ஒரே வேலைக்கு ரெண்டு தடவ காசு குடுக்கணும்.

கஸ்டமா கிட்டாரே செய்யச் சொல்றவங்களுக்கும் இதேதான். செய்யிறவர்கிட்ட கலரை பத்தி ஒரு மணி நேரம் பேசுவீங்க, "என்ன கேஜ் போடப் போறீங்க"ன்னு அவர் கேட்டா முழிப்பீங்க. நட்டுல காடி வெட்டுறதே அந்த நம்பரை வெச்சுதான்.

முதல்ல ஸ்ட்ரிங்

பாக்கெட்டுல 9-42, 10-46ன்னு போட்டிருக்கும்ல, அது இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு. 10ன்னா 0.010 இன்ச், சுமாரா கால் மில்லிமீட்டர். முதல் நம்பர் மெலிசான ஈ கம்பி, கடைசி நம்பர் தடியான ஈ கம்பி. கடையில "9 செட்", "10 செட்"னு கேட்டா போதும், புரிஞ்சுப்பாங்க. சாதாரண 9 செட்டுல 9, 11, 16, 24, 32, 42ன்னு வரும், 10 செட்டுல 10, 13, 17, 26, 36, 46. ரெண்டுக்கும் நடுவுல 9.5ன்னு ஒண்ணு இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, ஆனா நல்ல செட்டு.

இந்த ஆயிரத்துல ஒரு பங்குல என்ன பெருசா மாறிடப் போகுதுன்னு தோணும். 25.5 இன்ச் ஸ்கேல் கிட்டார்ல, ஸ்டாண்டர்ட் டியூனிங்ல, 10-46 போட்டா ஆறு கம்பியும் சேந்து நெக்கை இழுக்கிற இழுவை சுமார் 47 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை வெயிட்டு. 9-42 போட்டா அது 38, 39 கிலோவுக்கு இறங்கிடும். விரல் தினமும் மல்லுக்கட்டுறது அந்த வித்தியாசத்தோடதான்.

அடுத்து ஸ்கேல் லெந்த், அதாவது நட்டுல இருந்து ப்ரிட்ஜ் வரைக்கும் கம்பியோட நீளம். ஃபெண்டர் ஸ்ட்ராட், டெலி ரெண்டும் 25.5 இன்ச், கிப்சன் லெஸ் பால், எஸ்ஜி எல்லாம் 24.75ன்னு சொல்லுவாங்க, பிஆர்எஸ் பெரும்பாலும் 25. ஸ்கேல் குறைஞ்சா அதே கம்பி, அதே சுருதிக்கு, கம்மியா இழுத்தா போதும். ஃபெண்டருக்கும் கிப்சனுக்கும் நடுவுல சுமார் 6 சதவீதம் டென்ஷன் வித்தியாசம் வரும். அதனால லெஸ் பால்ல 10 போட்டு ஜாலியா வாசிச்சுட்டு இருந்தவர் ஃப்ரெண்டோட ஸ்ட்ராட்டை எடுத்து அதுலயும் 10 இருக்க, "என்னடா இவ்வளவு டைட்டா இருக்கு"ன்னு கேட்டா அதுல அவர் கை மேல தப்பில்ல. லெஸ் பால்ல 10 புடிச்சவருக்கு ஸ்ட்ராட்ல அந்த 9.5 செட்டுதான் கிட்டத்தட்ட அதே ஃபீல் குடுக்கும்.

மூணாவது டியூனிங். எல்லா கம்பியையும் அரை ஸ்டெப் இறக்குனா டென்ஷன் 11 சதவீதம் குறையும், முழு ஸ்டெப் இறக்குனா 20 சதவீதத்துக்கு மேலயே போகும். அரை ஸ்டெப் இறக்கி வாசிக்கிறவங்க ஒரு கேஜ் ஏத்திக்கலாம். பெரிய ஈயை மட்டும் டிக்கு இறக்குற டிராப் டின்னா 10-46 தாராளமா தாங்கும். எல்லாத்தையும் இறக்கி பெரிய கம்பியை சி வரைக்கும் கொண்டு போற டிராப் சின்னா 46 போதாது, பெரிய கம்பி தொளதொளன்னு ஆடி ஃப்ரெட்டுல (நெக்குல குறுக்க இருக்கிற உலோகப் பட்டை) அடிக்கும், பிக் பண்ணதும் சுருதி மேல ஏறி அப்புறம் இறங்கும், அதுக்கு 11-54, இல்ல 10-52 மாதிரி கீழ தடியா இருக்கிற செட்டு பாருங்க.

இந்த மேல மெலிசு கீழ தடின்னு வர்ற செட்டுங்கதான் என்னைக் கேட்டா நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப பொருத்தம். 9-46ன்னு ஒண்ணு, 10-52ன்னு ஒண்ணு. ரிதம் அடிக்கும்போது கீழ மூணு கம்பியும் கெட்டியா நிக்கும், சோலோ வரும்போது மேல மூணும் பெண்டுக்கு, அதாவது கம்பியை இழுத்து சுருதி ஏத்துறதுக்கு, வளைஞ்சு குடுக்கும். சின்ன பேண்டுல ஒரே கிட்டார்ல ரெண்டு வேலையும் பாக்கிறவங்க யோசிக்காம இங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

தடி கம்பின்னாதான் கெட்டியான டோன்னு ஒரு நம்பிக்கை பல வருஷமா சுத்திட்டு இருக்கு. அதுக்கு எப்பவும் டெக்சஸ் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானை காட்டுவாங்க, மனுஷன் முதல் கம்பியே 13 போட்டார், உண்மைதான், ஆனா அவர் அரை ஸ்டெப் இறக்கி வாசிச்சார், விரல் பிஞ்சு போய் சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டிக்கிட்டு வாசிச்ச ஆளு. அதே டெக்சஸ்ல இருந்து வந்த ஸீஸீ டாப் பேண்டு கிட்டாரிஸ்ட் பில்லி கிப்பன்ஸ் 7ல ஆரம்பிக்கிற கம்பி போடுறார், அவர் டோனை மெலிசுன்னு யாராவது சொல்லிட முடியுமா? ப்ளாக் சபத் பேண்டோட டோனி ஐயோமியை எடுத்துக்குங்க, 17 வயசுல ஃபேக்டரி மெஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, இடது கைக்காரர், அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான், மெலிசான கம்பி தேடி பேஞ்சோங்கிற வேற வாத்தியத்தோட கம்பியை எல்லாம் போட்டு வாசிச்சார், 1971ல மூணு செமிடோன் வேற இறக்கிட்டார். ஹெவி மெட்டல் சவுண்டே அங்க இருந்துதான் வந்துச்சுன்னு பாதி உலகம் சொல்லுது. தடி கம்பிக்கு அட்டாக் கொஞ்சம் கெட்டியா, லோ கொஞ்சம் அதிகமா இருக்கும், மறுக்கல. ஆனா ஆம்ப்ல பேஸ் குமிழை ஒரு கோடு திருப்புனா கிடைக்கிற விஷயத்துக்கு மணிக்கட்டை பலி குடுக்காதீங்க.

ரொம்ப பழைய காலத்துல இந்த சாய்ஸே கிடையாது. 50கள்ல கடையில கிடைச்ச செட்டுல மூணாவது கம்பி கூட சுத்து கம்பிதான் (மேல இன்னொரு கம்பி சுத்தினது), பெண்டு பண்ணா கை வலிக்கும். ராக் வாசிச்ச பசங்க பேஞ்சோ கம்பியை முதல் கம்பியா போட்டு மத்ததையெல்லாம் ஒரு இடம் தள்ளி மாட்டுனாங்க. அதை பாத்துட்டுதான் கலிஃபோர்னியாவுல கடை வெச்சிருந்த எர்னி பால் 60களோட ஆரம்பத்துல ஸ்லிங்க்கின்னு மெலிசான செட்டை தனியா போட்டு விக்க ஆரம்பிச்சார். இன்னைக்கு கடையில தொங்குற அந்த பச்சை பாக்கெட்டும் பிங்க் பாக்கெட்டும் அங்க இருந்து வந்ததுதான், பிங்க் 9-42, பச்சை 10-46.

கமகம் வாசிக்கிறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஆர். பிரசன்னா மாதிரி எலக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க மேற்கத்திய சார்ட்டை பாத்து கேஜ் எடுக்கக் கூடாது. ராக்குல ஒரு முழு ஸ்டெப் பெண்டு போதும், இங்க ஒரே ஃப்ரெட்டுல நின்னு ரெண்டு மூணு ஸ்வரம் தாண்டி இழுத்துட்டு அப்படியே அசைச்சு இறங்கணும், அதுவும் ஒரு ராகத்துக்கு அரை மணி நேரம். 9 செட்டுல ஆரம்பிங்க, பெரிய ஈயை டிக்கு இறக்குறீங்கன்னா அதை மட்டும் தடியா மாத்துங்க, தனி கம்பியும் கடையில கிடைக்கும். 8 வரைக்கும் போகலாம், ஆனா 8ல கை கொஞ்சம் அழுத்திட்டா கார்டே சுருதி விலகிடும், மெதுவான கை வேணும்.

புதுசா கத்துக்கிறவங்க? ஸ்ட்ராட் டைப்னா 9, லெஸ் பால் டைப்னா 10. இதுக்கு மேல யோசிக்காதீங்க, போய் வாசிங்க.

பிராண்டை பத்தி சண்டை போடுறவங்களுக்கு ஒண்ணு. மேல இருக்கிற மூணு சுத்தாத கம்பியும் எந்த கம்பெனியா இருந்தாலும் வெறும் ஸ்டீல் வயர்தான், கேஜ் ஒண்ணுன்னா டென்ஷனும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது சுத்து கம்பியில, உள்ள கோர் எவ்வளவு தடி, மேல என்ன சுத்தியிருக்காங்கன்னு. நிக்கல் ப்ளேட்டட் ஸ்டீல்தான் பொதுவா எல்லாரும் போடுறது. ப்யூர் நிக்கல் கொஞ்சம் மொழுமொழுன்னு பழைய சவுண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளீர்னு இருக்கும், வேர்வைக்கு சுலபமா துரு புடிக்காது, பதிலுக்கு ஃப்ரெட்டை கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும்.

சென்னை, தூத்துக்குடி, பாண்டி, கொழும்பு மாதிரி கடலோர ஊர்ல இருக்கீங்கன்னா வேர்வைதான் உங்க முதல் பிரச்சனை, கேஜ் ரெண்டாவது. முதல் கம்பிக்கு அடியில விரலை விட்டு தடவிப் பாருங்க, மேல பளபளன்னு இருக்கும், அடியில சொரசொரன்னு இருந்தா துரு வந்துடுச்சு, அது ஃப்ரெட்டை அரம் வெச்ச மாதிரி அறுக்கும். எலிக்சர் மாதிரி கோட்டிங் உள்ள செட்டு விலை ரெண்டு மடங்கு, சில சமயம் அதுக்கு மேலயும் வரும்தான், ஆனா மூணு நாலு மடங்கு நாள் ஓடும், கணக்கு போட்டா லாபம். அதுக்கு மனசு வரலன்னா வாசிச்சு முடிச்சதும் ஒரு பழைய பனியன் துணியை கம்பிக்கு அடியில விட்டு ரெண்டு இழு இழுங்க. ஆன்லைன்ல பாதி விலைக்கு கிடைக்குதுன்னு டடாரியோ கம்பெனி ஸ்ட்ரிங் வாங்காதீங்க, போலி நிறைய சுத்துது. ஒரிஜினல் பாக்கெட்டுக்குள்ள ஒரு கோட் இருக்கும், கம்பெனி சைட்டுல போட்டா ஒரிஜினலான்னு சொல்லிடும்.

கேஜ் மாத்துனா கூடவே மாறுறது

9ல இருந்து 10க்கு போனா நிறைய பேருக்கு ஒண்ணும் செய்யாமலே ஓடிடும். 9ல இருந்து 11க்கு தாவுனா ஓடாது. இழுவை கூடுனதும் நெக் முன்னாடி வளையும், நடுவுல கம்பி உசந்து நிக்கும். பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. முதல் ஃப்ரெட்டுல கேப்போ (கம்பியை அழுத்திப் புடிக்கிற க்ளிப்) போடுங்க, கடைசி ஃப்ரெட்டுல பெரிய ஈ கம்பியை அழுத்துங்க, இப்ப 8வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாக்கணும். பெரும்பாலான ஃபெண்டருக்கு அது 0.010 இன்ச் இருக்கணும்ங்கிறாங்க. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லையேன்னு கவலைப்படாதீங்க, கழட்டிப் போட்ட பழைய 10 செட்டோட முதல் கம்பி இருக்கே அது சரியா 0.010 இன்ச்தான், ஒரு துண்டு வெட்டி அந்த இடைவெளியில நுழைச்சு பாருங்க. உரசிக்கிட்டு போனா சரி. மேல கம்பியை தூக்குனா நெக் ரொம்ப நேரா இருக்கு. சும்மா கீழ விழுந்தா வளைவு அதிகம்.

வளைவு அதிகம்னா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) கடிகார சுத்துல கால் சுத்து, அதுக்கு மேல வேண்டாம். திரும்ப டியூன் பண்ணுங்க, ஒரு நாள் விடுங்க, மறுபடி பாருங்க. சாவி சரியான சைஸா இல்லாம, ஏறக்குறைய மாட்டுதுன்னு திருப்பாதீங்க, அந்த ராடோட திருகு நட்டு வழுக்கிடுச்சுன்னா செலவு கிட்டார் விலைக்கு வந்து நிக்கும். சாவி திரும்பவே மாட்டேங்குதுன்னா பலம் போடாம தெரிஞ்சவர்கிட்ட குடுத்துடுங்க.

அடுத்தது கம்பி உக்கார்ற நட்டு. 46 கம்பிக்கு வெட்டின காடியில 52 போட்டா அது மேல உக்காரும், டியூன் பண்ணும்போது "டிங்"னு ஒரு சத்தம் வந்து சுருதி குதிக்கும். கம்பி காடியில மாட்டிக்கிட்டு விடுபடுற சத்தம் அது. காடியில பென்சிலை நல்லா தேச்சு பாருங்க, கிராஃபைட் வழவழப்பு குடுக்கும், கொஞ்சம்தான் டைட்னா அதுலயே சரியாயிடும். இல்லன்னா ஃபைல் வெச்சிருக்கிறவர்தான் அகலப்படுத்தணும், ஆழமாக்கக் கூடாது, ஆழமாச்சுன்னா ஓப்பன் கம்பி முதல் ஃப்ரெட்டுல அடிக்கும், நட்டே புதுசா போடணும்.

ட்ரெமொலோ (கையால ஆட்டி சுருதி மாத்துற ப்ரிட்ஜ்) இருக்கிற கிட்டார்னா கேஜ் ஏத்துனதும் ப்ரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கும். பின்னாடி மூடியை கழட்டுனா ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற க்ளா தெரியும், அதோட ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவுல அரை அரை சுத்தா இறுக்கி, டியூன் பண்ணி, பாத்து, திரும்ப இறுக்கணும். ஸ்ட்ராட்ல ப்ரிட்ஜ் பின்பக்கம் பாடியில இருந்து 3 மில்லிமீட்டர் சொச்சம் தூக்கி நின்னா சரி. கம்பியை பூட்டி வெக்கிற ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமொலோன்னா எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, ஒண்ணு கழட்டி ஒண்ணு மாட்டுங்க.

கடைசியா இன்டோனேஷன், நெக் முழுக்க சுருதி சரியா நிக்குதான்னு பாக்கிறது. 12வது ஃப்ரெட்டுல ஹார்மோனிக் (அழுத்தாம லேசா தொட்டு மீட்டுறது) ஒண்ணு, அழுத்தி ஒண்ணு, ட்யூனர்ல ரெண்டையும் பாருங்க. அழுத்துனது ஏறி காட்டுனா ப்ரிட்ஜுல கம்பி உக்கார்ற சாடிலை பின்னாடி தள்ளுங்க, இறங்கி காட்டுனா முன்னாடி கொண்டு வாங்க. அவ்வளவுதான்.

இப்ப கலர்

கஸ்டம் கலர்னதும் எல்லாரும் வெளிநாட்டு கஸ்டம் ஷாப்பை நினைச்சு பெருமூச்சு விடுறாங்க. ஆனா 50கள்ல ஃபெண்டர் கஸ்டம் கலர்னு வித்ததே டூபான்ட் கம்பெனியோட கார் பெயிண்டுதான். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு கலர், லேக் ப்ளாசிட் ப்ளூ கேடிலாக் கலர், சர்ஃப் க்ரீன் செவ்ரலே கலர். சன்பர்ஸ்ட் (நடுவுல மஞ்சள், ஓரத்துல கறுத்து வர்ற கலர்) வேண்டாம் வேற கலர் வேணும்னா விலைக்கு மேல 5 சதவீதம் வாங்கினாங்க. அப்படி பாத்தா, தெரு முனையில டிங்கரிங் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட கிட்டார் பாடியை கொண்டு போறது ஒண்ணும் கேவலமான விஷயம் இல்ல, ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பிச்ச லியோ ஃபெண்டர் போன வழிதான். மாருதி, ஹூண்டாய், புல்லட், எந்த ஷேடு கார்டைக் காட்டினாலும் கோட் நம்பர் போட்டு மிக்ஸ் பண்ணி குடுத்துடுவாங்க.

கலரை எடுக்கிறதுக்கு முன்னாடி மரத்தை பாருங்க. ஆஷ், மஹாகனி ரெண்டும் துளை உள்ள மரம், க்ரெயின் ஃபில்லர் போட்டு அடைக்கலன்னா எத்தனை கோட் அடிச்சாலும் கோடு கோடா உள்ள இறங்கும். ஆல்டர், பாஸ்வுட் ரெண்டும் அடர்த்தியா மூடின மரம், சீலர் போதும். பாஸ்வுட் பாக்க ஒண்ணும் இருக்காது, நாலஞ்சு துண்டு ஒட்டின பாடியா இருந்தா ஒட்டு வேற தெரியும், அதுல ட்ரான்ஸ்பரன்ட் ஃபினிஷ் கேட்டு காசை வீணாக்காதீங்க, சாலிட் கலர் அடிங்க. நம்ம ஊர்ல தேக்குல பாடி செஞ்சு குடுக்கிறவங்க இருக்காங்க, தேக்குல எண்ணெய் பசை அதிகம், சீலர் அடிக்கிறதுக்கு முன்னாடி தின்னர் துணியால நல்லா துடைக்கணும், இல்லன்னா லாக்கர் சரியா புடிக்காது.

கலர்ல என் கருத்து சிலது, புடிச்சா எடுத்துக்குங்க. கறுப்பு சுலபம்னு நினைப்பாங்க, அதுதான் இருக்கிறதுலயே கஷ்டம், ஒரு சின்ன மேடு பள்ளம் கூட டியூப்லைட் வெளிச்சத்துல நெளிஞ்சு காட்டும், அப்புறம் வாழ்நாள் பூரா கைரேகை. வெள்ளை, க்ரீம், வெளிர் பச்சை இதெல்லாம் தப்பை மறைக்கும். மெட்டாலிக் கலரை ஸ்ப்ரே கன் அனுபவம் உள்ளவர்தான் அடிக்கணும், ஒரு இடத்துல கை நின்னா அங்க மட்டும் திட்டு திட்டா தெரியும். கேண்டி ஆப்பிள் ரெட் மாதிரி கலர் அழகோ அழகு, கீழ சில்வரோ கோல்டோ அடிச்சு மேல கண்ணாடி மாதிரி சிவப்பு ஏத்துறது, ஆனா ஒரு இடத்துல அடிபட்டா டச்சப் பண்ணவே முடியாது. மேட் ஃபினிஷ் வாங்கும்போது ஸ்டைலா இருக்கும், ஒரு வருஷத்துல முழங்கை உரசுற இடம் மட்டும் பளபளன்னு ஆயிடும். சன்பர்ஸ்ட் ஆசைன்னா நடு மஞ்சளை முதல்ல முழுசா அடிச்சு, அப்புறம் ஓரத்துல வெளியில இருந்து சாய்வா கன்னை புடிச்சு சிவப்பும் பழுப்பும் ஏத்தணும், ஸ்ப்ரே கேன்ல செய்யலாம் ஆனா புள்ளிப் புள்ளியா விழும்.

டோன் மாறுமான்னு கேப்பீங்க. அக்கூஸ்டிக்ல தடி பெயிண்ட் மேல் பலகையை அமுக்கும், அது வேற. சாலிட் பாடி எலக்ட்ரிக்ல பிக்கப் புடிக்கிறது கம்பியோட அசைவை, பெயிண்ட் எதுன்னு ஆம்ப் வழியா கேட்டு யாரும் சொல்லிட மாட்டாங்க. நைட்ரோ லாக்கர்னா மரம் மூச்சு விடும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, சிரிச்சுட்டு விட்டுடுங்க.

ஆனா நைட்ரோ, பாலி (பாலியூரிதேன்) எதை எடுக்கிறதுங்கிறது ஊரை பொறுத்து பெரிய கேள்வி. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நம்ம மரக்கடையில என்சி லாக்கர்னு கேட்டா குடுப்பாங்க. மெலிசா இருக்கும், தொட்டா சுகமா இருக்கும், ரிப்பேர் சுலபம், புது கோட் பழைய கோட்டோட கரைஞ்சு ஒண்ணாயிடும். தொந்தரவு என்னன்னா, காத்துல ஈரம் அதிகமா இருக்கும்போது அடிச்சா வெள்ளையா பூத்துடும். தின்னர் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளுந்து காத்துல இருக்கிற தண்ணி அதுல மாட்டிக்கும். அதனால ஐப்பசி கார்த்திகை மழையில சென்னையில மொட்டை மாடியில என்சி அடிக்கிற வேலையே வெச்சுக்காதீங்க, மாசி பங்குனியில காலை வெயில் ஏறின அப்புறம் அடிங்க. பூத்துட்டாலும் பயப்பட வேண்டாம், காஞ்ச நாள்ல ரிட்டார்டர் (மெதுவா காய வெக்கிறது) கலந்த தின்னரை லேசா தூவுனா பெரும்பாலும் தெளிஞ்சிடும். இன்னொண்ணு, என்சி தீப்பிடிக்கும், சும்மா இல்ல, ரொம்ப வேகமா. அடுப்பு, சாமி விளக்கு, மோட்டார் சுவிட்ச் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது.

கார் ஒர்க்‌ஷாப்ல அடிக்கிறது டூ கே பியூ, அதாவது ரெண்டு பாகமா வர்ற பாலியூரிதேன், ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது. கெட்டி, வேர்வை தாங்கும், சீக்கிரம் காயும், நம்ம க்ளைமேட்டுக்கு சரியான பெயிண்ட்னு நான் சொல்லுவேன். ஆனா அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க்கு எல்லாம் ஒண்ணும் செய்யாது. அதை வீட்டுல அடிக்காதீங்க, யூட்யூப்ல எவ்வளவு சுலபமா காட்டினாலும் சரி. ஒர்க்‌ஷாப்புக்கு குடுத்துடுங்க.

குடுக்கும்போது நாலு விஷயம் சொல்லிக் குடுங்க, ஏன்னா அவருக்கு கார் தெரியும், கிட்டார் தெரியாது. நெக் உக்கார்ற பள்ளத்துல பெயிண்ட் படவே கூடாது, டேப் நீங்களே ஒட்டிக் குடுங்க, ரெண்டு கோட் உள்ள போனாலும் நெக் உக்காராது, அழுத்தி மாட்டுனா ஓரத்துல பெயிண்ட் வெடிக்கும். பட்டியை பம்பருக்கு அப்புற மாதிரி அப்பக் கூடாது, அடிபட்ட இடத்துல மட்டும் லேசா. பெயிண்ட் பூத்துங்கிற அடைச்ச அறையில வெச்சு சூடு ஏத்த வேண்டாம், இது தகரம் இல்ல, ஒட்டு விட்டுடும். மேல அடிக்கிற நிறமில்லாத க்ளியர் ரெண்டு மூணு கோட் மெலிசா போதும், "நல்லா தடியா போட்டு குடுத்திருக்கேன் தம்பி"ன்னு பாசத்தோட அடிச்சு வெச்சுடுவாங்க.

பழைய பெயிண்டை மொத்தமா சுரண்டணும்னு அவசியமே இல்ல, இதை தெரியாம நிறைய பேர் முதுகு ஒடிச்சுக்கிறாங்க. ஃபேக்டரி பாலி ஃபினிஷ் வெடிப்பு இல்லாம இருந்தா அதுவே நல்ல சீலர். 320 உப்புத்தாள் போட்டு பளபளப்பு போற வரைக்கும் தேச்சு, மேல ப்ரைமர் அடிச்சுட்டு போயிட்டே இருக்கலாம். மரம் தெரியிற ஃபினிஷ் வேணும்னாதான் மொத்தமா எடுக்கணும், அந்த பாலிக்கு பெயிண்ட் ரிமூவர் சரியா வேலை செய்யாது, ஹீட் கன்தான், அதுவும் ஒரே இடத்துல காட்டினா மரம் கருகும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி எலக்ட்ரானிக்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுங்க, குறிப்பா ப்ரிட்ஜுக்கு போற எர்த் வயரை, அதை திரும்ப மாட்ட மறந்தா கிட்டார் ஹம் அடிச்சே உயிரை எடுக்கும். ஸ்க்ரூ எல்லாம் ஒண்ணா கொட்டாம தனித்தனி கவர்ல போட்டு எங்க இருந்துன்னு எழுதுங்க.

அடிச்சு வந்த அப்புறம் பொறுமை. பியூ சில நாள்ல பாலிஷுக்கு தயாராயிடும், என்சிக்கு மூணு நாலு வாரம் விடணும், மூக்கு கிட்ட வெச்சு மோந்து பாருங்க, தின்னர் வாசனை அடிச்சா இன்னும் காயல. காஞ்சதும் 1000, 1500, 2000ன்னு வாட்டர் பேப்பர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்த தண்ணியில, தேய்க்கணும். ஓரங்கள்ல கையை அழுத்தாதீங்க, பெயிண்ட் மெலிசா இருக்கிறது அங்கதான், ரெண்டு தேய்ப்புல மரம் எட்டிப் பாக்கும். ஸ்க்ரூ ஓட்டையை எல்லாம் டேப் போட்டு அடைச்சுட்டுதான் தண்ணியே எடுக்கணும், ஓட்டைக்குள்ள தண்ணி போனா மரம் ஊதி சுத்தி வெடிச்சிடும். அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். ஸ்க்ரூ மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டை வாயிலயும் பெரிய ட்ரில் பிட்டை கையாலயே ஒரு சுத்து சுத்தி பெயிண்டை எடுத்துடுங்க, ஸ்க்ரூ ஏறும்போது க்ளியர் விரியாது.

ஸ்ப்ரேயே வேண்டாம், கன் இல்ல, இடம் இல்லன்னா எண்ணெய் ஃபினிஷ் இருக்கு, ட்ரூ ஆயில், டங் ஆயில் மாதிரி. மஹாகனிக்கும் ஆஷுக்கும் அருமையா இருக்கும், துணியில தொட்டு மெலிசா தேச்சு, மிச்சத்தை துடைச்சு, ஒரு நாள் விட்டு அடுத்த கோட். பாதுகாப்பு கம்மி, நகம் பட்டா பதியும். அந்த எண்ணெய் துணியை சுருட்டி குப்பைத்தொட்டியில போடாதீங்க, லின்சீட் மாதிரி உலர்ற எண்ணெய் தானா சூடாகி பத்திக்கும், உண்மையாவே. விரிச்சு காயப்போட்டு, இல்ல தண்ணியில நனைச்சு போடுங்க.

நெக்கை மட்டும் பாடியோட சேத்து அடிக்க குடுக்காதீங்க. வேர்த்த கைக்கு பளபளன்னு இருக்கிற க்ளாஸ் (gloss) நெக் ஒட்டும், புழுக்கமான ஊர்ல நெக் பின்பக்கம் பளபளப்பு கம்மியான சாட்டின்தான். இருக்கிற க்ளாஸ் நெக்கையே பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரை எடுத்து நீளவாக்குல, தண்ணி இல்லாம, லேசா தேச்சா அஞ்சு நிமிஷத்துல சாட்டின் ஆயிடும். ஸ்டீல் வூல் எடுத்தா பிக்கப்பை மூடிட்டு தேய்ங்க, அந்த இரும்புத்தூள் எல்லாம் காந்தத்துல போய் ஒட்டிக்கும். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுல லாக்கர் படக் கூடாது, மேப்பிள் போர்டு லாக்கர் இல்லாம இருக்கக் கூடாது, இருந்தா ஆறு மாசத்துல வேர்வை பட்டு கறுத்துடும்.

என்சி அடிச்ச கிட்டாரை ரப்பர் வெச்ச ஸ்டாண்டுல நிக்க வெக்காதீங்க, ரப்பர்ல இருக்கிற கெமிக்கல் லாக்கரை இளக்கி கறையாக்கிடும், ஸ்டாண்டு கைக்கு பருத்தி துணி சுத்துங்க. பெயிண்ட் மிக்ஸ் பண்ண கடையில கோட் நம்பரை கேட்டு ஒரு துண்டு சீட்டுல எழுதி பின்மூடிக்கு உள்ள ஒட்டிடுங்க, பக்கத்துலயே போட்டிருக்கிற ஸ்ட்ரிங் கேஜையும் எழுதுங்க, மிச்ச பெயிண்டை சின்ன கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி வாங்கிட்டு வந்துடுங்க, ஆனா ஹார்ட்னர் கலக்காததுதானான்னு கேட்டு வாங்குங்க, கலந்ததுன்னா மறுநாளே பாட்டிலோட கல்லாயிடும்.